நாலு தடவை மாட்டிய கார்புரேட்டர்

1913-ஆம் வருஷம் பாளையங்கோட்டையில் மோட்டார் கார் இன்ஜினைத் திறந்து பார்க்கத் துணிந்தவர் பாக்கியசீலன் ஒருவர்தான். தூத்துக்குடிப் பஞ்சாலையில் பத்து வருஷம் எண்ணெய் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். இன்ஜின் எவ்வளவு படுத்தினாலும் அவருக்குக் கோபம் வராது. இன்ஜினின் சொந்தக்காரர் வாயைத் திறந்தால்தான் வரும்.

நூல் வியாபாரி ஐயம்பெருமாளிடம் பந்தயத்துக்கென்றே செய்த நீளமூக்கு வண்டி ஒன்று இருந்தது. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. அதை முக்கூடல் அரிசி வியாபாரி முத்துமாலையின் சாதாரண வண்டி ஒருநாள் பாபநாசம் ஏற்றத்தில் முந்திக்கொண்டு போய்விட்டது. ஐயம்பெருமாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறு மாதமே மெட்ராஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே, இன்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் கார்புரேட்டர்; குழந்தைத் தலையளவுக்குப் பித்தளையில்.

"மாட்டும் வே. மாட்டினா வண்டி பறக்கும்னு கடைக்காரன் எழுதியிருக்கான்," என்றார் ஐயம்பெருமாள், பாக்கியசீலனைக் கூப்பிட்டு.

பாக்கியசீலன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆணித் துளை ரெண்டும் சேராதே. வண்டியில இடைவெளி மூணு விரக்கடை, இதுல நாலு. வாயும் பெரிசு. நம்ம இன்ஜின் இழுக்குத இழுப்புக்கு இதுல பெட்ரோல் ஏறாது."

"சேராட்டா சேர வையும். அதுக்குத்தான உம்மக் கூப்பிட்டது."

பாக்கியசீலன் மூன்று நாள் ஒரு பித்தளைத் தகட்டை அரத்தால் அராவி இரண்டுக்கும் நடுவில் வைத்தார். பெட்ரோல் குழாயின் மரை பொருந்தவில்லை. அதற்கும் ஒரு துண்டு கடைந்தார். ஐயம்பெருமாள் மணிக்கொருதரம் வந்து, "இன்னுமா வே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாக்கியசீலனின் பெருவிரல் தோல் இரண்டு இடத்தில் உரிந்தது.

மாட்டியதும் வண்டி உறுமியது நிஜம். சமதளத்தில் ஓடவும் செய்தது. ஏற்றம் வந்ததும் பட் பட்டென்று இருமி நின்றது. டிரைவர் ஷேக் மைதீனும் நாலு மாட்டுக்காரர்களும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"உம்ம கைக் கோளாறு வே," என்றார் ஐயம்பெருமாள்.

பாக்கியசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி ஹெப்சிபா சோறு போட்டபடி கேட்டாள்: "பழசுக்கு என்ன வந்துட்டுன்னு புதுசு மாட்டுதீங்க?"

பாக்கியசீலனின் கை தட்டிலேயே நின்றது. பழசைப் பிரித்து யாருமே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும் போய்ப் பழசைப் பிரித்தார். பெட்ரோல் நுழையும் கம்பி வலையில் செம்மண் சேறு அடை அடையாக அப்பியிருந்தது. அவ்வளவுதான் நோய். கழுவி, ஊதி, யாரிடமும் சொல்லாமல் பழசையே மாட்டினார். வண்டி பாபநாசம் ஏற்றத்தில் ஒரே மூச்சில் ஏறியது. முத்துமாலையின் வண்டி புழுதிக்குள் பின்னால் எங்கேயோ கிடந்தது.

அன்றிலிருந்து ஐயம்பெருமாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் மெட்ராஸ் சாமானின் பெருமையைப் பேசினார். வேட்டியில் கறை படுமென்று மூடியைத் திறந்து பார்க்கிறவர் இல்லை. பாக்கியசீலன் ஒரு வாரம் பொறுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அந்தக் கார்புரேட்டர்தான் தெரிந்தது. நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, ஓடுதது பழசுதான். புதுசு பெட்டியில இருக்கு."

ஐயம்பெருமாளின் முகம் கறுத்தது. "எங்கிட்டக் கேக்காம கழட்டினீரா? பழசே இந்த ஓட்டம் ஓடுதுன்னா புதுசு எந்த ஓட்டம் ஓடும்! இப்பமே மாட்டும்."

"அண்ணாச்சி, நான் சொல்லுதது..."

"மாட்டும் வே!"

மாட்டினார். இந்தத் தடவை ஐயம்பெருமாளே முன்னால் உட்கார்ந்துகொண்டார். அதே ஏற்றத்தில், அதே இருமல். வண்டி நின்றது. ஷேக் மைதீன் இறங்கித் தோளைக் கொடுத்தான். முத்துமாலையின் வண்டி ஹாரன் அடித்தபடி பக்கத்தில் போனது. ஐயம்பெருமாள் தலைப்பாகையை இழுத்து நெற்றியை மறைத்தார். பிறகு அவரும் இறங்கித் தள்ளினார்.

மறுநாள் காலையில் அவரே பாக்கியசீலனின் பட்டறைக்கு வந்தார்.

"பழசையே மாட்டிரும். ஊர்ல கேட்டா, புதுசு வழியில அடிபட்டுட்டுன்னு சொல்லும்."

"அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது அண்ணாச்சி. வேணும்னா ஒண்ணும் சொல்லாம இருக்கேன்."

"சரி வே, பேசாமலாவது இரும்."

பாக்கியசீலன் தாம் அராவிய தகட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் பழசை மாட்டினார். பெட்ரோல் பட்டு, தோல் உரிந்த பெருவிரல் எரிந்தது.