பார்த்துத்தான் போட்டனான்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு ஸ்டூடியோ. அதன் பின்னறைதான் பிரதீசின் உலகம். ஆள் கொட்டாஞ்சேனைக்காரன், வயது முப்பத்தைந்து. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்று ஊர்ப்பட்ட பழைய கசெட்டுகளைக் கணினியில் ஏற்றி, டிவியில் அட்டைப்படத்தோடு வரிசையாகத் தெரியும்படி ஒரு மென்பொருளில் அடுக்கிக் கொடுப்பான். அவனுடைய தாய் புளோறன்ஸ் அவனுக்கு ஏழு வயதில் காலமானவர். மட்டக்குளியில் குடியிருந்தபோது வீட்டுக்குள் வெள்ளம் வந்து அவருடைய படங்களெல்லாம் போய், மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

கசெட் ஒரு பக்கம் ஓடும், இவன் கைபேசியில் கிரிக்கெட் பார்ப்பான். ஆட்கள் கேட்டால் மட்டும் கூசாமல் சொல்வான்: "ஒவ்வொண்டையும் பார்த்துத்தான் போட்டனான்."

பாமன்கடை அருந்ததி அன்ரிக்கும் அதே பொய்தான். கணவர் இராசரத்தினத்தின் முதலாவது ஆண்டுத் திவசத்துக்கென்று பன்னிரண்டு பழைய கசெட்டுகளோடு அவருடைய செத்த வீட்டு வீடியோவையும் கொடுத்திருந்தார். வேலை முடிந்து வாங்க வந்தபோது, "எல்லாம் பார்த்தனீங்களோ, தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"ஓம் அன்ரி. இப்ப உங்கட சொந்தக்காரர் எல்லாரையும் எனக்குத் தெரியும்."

அவர் எதையோ எதிர்பார்த்தவர்போலக் கொஞ்சம் நின்றார். பிறகு காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

திவசத்தன்று சாப்பாடு முடிந்த பிறகுதான் டிவியில் கொழுவிப் பார்த்தார்கள். 'வீட்டு வீடியோ' என்று தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் பிரதீஸ் அவசரத்தில் 'திரைப்படம்' என்றே விட்டிருந்தான். வீட்டு இணையம் கிடைத்ததும் மென்பொருள் தன்பாட்டில் தேடிப் போய், பெயருக்குப் பொருந்திய சினிமா அட்டைப்படங்களையெல்லாம் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. இராசரத்தினத்தின் செத்த வீட்டுக்கு மேலே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு நடிகர். கீழே, 'நகைச்சுவை, குடும்பத்தோடு பார்க்கலாம்'. வந்திருந்தவர்களில் யாரோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்களாம்.

மறுநாள் காலை பிரதீஸ் தலையைக் குனிந்துகொண்டு அன்ரி வீட்டுக்குப் போனான். வகையை மாற்றினான். பிழையாக ஒட்டியதைக் கழற்றினான். இனித் தானாக மாறாதபடி பூட்டினான். எல்லாம் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை முதலே செலவழித்திருக்கலாமே என்று நினைக்கவே வெட்கமாயிருந்தது. மிச்சம் அட்டைப்படங்கள்தான். கலியாணத்துக்கு முன் தாலிக்குப் பொன் உருக்கிய பொன்னுருக்கு வீடியோவை ஓடவிட்டு, நடுவில் நின்ற உயரமான மனிதரில் நிறுத்தினான்.

"இதில ஐயா நல்ல வடிவாயிருக்கிறார். போடட்டோ அன்ரி?"

"அது கலியாணம் பேசின புரோக்கர், தம்பி."

அவனுக்குக் காதுமடல் வரை சுட்டது. சுவரில் மாலையோடு தொங்கிய இராசரத்தினம், வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டையும் பார்க்கேல்லை அன்ரி," என்றான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

"தெரியும். வாங்க வந்த அண்டைக்கே தெரியும்."

அருந்ததி ரிமோட்டை வாங்கி நாலாவது கசெட்டைப் போட்டார். மணப்பெண்ணின் காலடியில், வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு மெலிந்த பெண் சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். அவருடைய முந்தானையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையன். அவர் எழுந்து, கமராவைக் கண்டு, வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

"எனக்குக் கலியாணப் பிளவுஸ் தைச்சது உங்கட அம்மா. நீங்கள் புளோறன்சின்ர மகன் எண்டு ஸ்டூடியோக்காரர் சொன்னவர். அதுக்காகத்தான் உங்களிட்டையே தந்தனான். பார்த்திட்டு நீங்களே வந்து சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

மூன்று கிழமை அம்மா அவனுடைய மேசையில்தான் நடந்து திரிந்திருக்கிறார். அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சீ, என்ன பிறவி நான் என்றிருந்தது அவனுக்கு.

அருந்ததி படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அந்தச் சிரிப்பில் நிறுத்தி, ரிமோட்டை நீட்டினார்.

"இதுக்கு எந்தப் படம் போடப் போறீங்கள், தம்பி?"

அதை வாங்க அவனுக்குக் கை நீளவில்லை.