ஒட்டுக்கேட்க ஒரு சுவர்

தம்பியின் படக் கம்பெனிக்குச் சொந்தமாக ஓர் இடம் இருந்ததில்லை. அதனாலேயே அது சுதந்திரமான கம்பெனி என்று பேர் வாங்கியது. எந்தப் பெரிய ஸ்டூடியோவையும் சார்ந்து நாங்கள் இல்லை என்று பேட்டிகளில் சொல்வார். உண்மைதான். அவர் சார்ந்திருந்தது தன் அக்காவின் வீட்டுக் கூடத்தை.

கம்பெனி முதலில் ஆற்று மணலைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது. பரிசு கிடைத்தது, பரிசு கொடுத்தவர்களைத் தவிர வேறு யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. அடுத்து ஒரு குடும்பத் தொடர் எடுத்தது. ஊரே பார்த்தது, பரிசு கிடைக்கவில்லை. கம்பெனியின் வரலாறு அவ்வளவுதான். மீதியெல்லாம் அக்காவின் வாழ்க்கை.

அக்கா தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே எதிராளியை எழுந்து நிற்க வைக்கும் பயிற்சி அங்கே கிடைத்தது. "ரெண்டே வாரம்க்கா, கூடத்துல நாலு சீன்" என்று தம்பி வந்து நின்றபோது சரி என்றார். அந்த இரண்டு வாரம் இப்போது ஒன்பதாவது வருடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் நடிகர்களை நேரத்துக்கு வரவைப்பது, வராதவர்களைத் திட்டுவது, வந்தவர்களையும் திட்டுவது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்து சேர, யாரும் நியமிக்காமலே கம்பெனியை நடத்துகிறவர் ஆகிவிட்டார். வயதில் மூத்த கேமராக்காரர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தொடரின் காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. கதாநாயகி கதவைத் திறப்பதைத் திங்கட்கிழமை எடுத்தால், உள்ளே வந்து உட்காருவதை அடுத்த மாதம் எடுப்பார்கள். நடுவில் ஒரு தலையணை இடம் மாறினாலும் நேயர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். ஆகவே அக்கா வீட்டில் எதுவும் நகராது. கூடத்துக் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். மணி தெரிய வேண்டுமென்றால் அக்கா சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்க்க லட்சணமாகவும் உட்கார அவஸ்தையாகவும் ஒரு சோபா வந்து குடியேறியது. சொந்த வீட்டில் திரைச்சீலையைத் துவைக்க உதவி இயக்குநரிடம் அனுமதி கேட்டார். அந்த உதவி இயக்குநரை வேலைக்கு எடுத்தவரும் அவரே.

தொடரை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. "பகல் பூரா நேர்ல பாக்கறேன். ராத்திரி வேற பாக்கணுமா?"

அவருடைய கணவர் பஸ் ஓட்டியவர். ஓட்டிய காலமெல்லாம் எதன்மீதும் மோதாதவர், தன் வீட்டுக் கூடத்தில் லைட்டுக்குப் போகும் ஒயர் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இனி சக்கர நாற்காலிதான் என்றார் மருத்துவர். நாற்காலியும் வந்தது. படுக்கையறையிலிருந்து கூடம் வரை ஜோராக ஓடியது. அதற்கப்பால் ஒரு சுவர், அதில் ஒரு குறுகிய வாசல். சமையலறையும் குளியலறையும் அந்த வாசலுக்குப் பின்னால்.

"இதவிட சின்ன சந்துல பஸ்ஸே விட்டிருக்கேன்" என்று முதல் நாள் முயன்று பார்த்தார். நாற்காலி இரண்டு பக்கமும் இடித்து நின்றது. அன்றிலிருந்து அவர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு லைட்மேன்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதுவும் படப்பிடிப்பின் நடுவில் முடியாது.

ஒருநாள் அக்கா படுக்கையறைக்குள் போனபோது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னாச்சு, வலிக்குதா?"

"இல்ல. அந்தப் பொண்ணு எப்ப அழுது முடிப்பான்னு பாத்துட்டிருக்கேன். பாத்ரூம் போகணும்."

அந்தப் பெண் அழுது முடிக்க அன்று ஏழு டேக் ஆனது.

மறுநாளே அக்கா ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மேல்கூரையைத் தாங்கும் சுவர் இல்லை, எடுக்கலாம் என்றார்.

"வாசலை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த முடியாதா?"

"பழைய செங்கல்லும்மா. பாதிய நான் இடிச்சா மீதி தானா வந்துரும்."

அக்கா தம்பியிடம் போனார். "சுவரை எடுக்கணும்."

கையிலிருந்த வசனத்தாளிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எந்தச் சுவரு?"

"உன் சுவரு."

தலை நிமிர்ந்தது. காரணம் உண்டு. அந்தத் தொடரில் மாமியார் பேசுவதை மருமகள் கேட்பாள், மருமகள் பேசுவதை நாத்தனார் கேட்பாள், நாத்தனார் பேசுவதை அநேகமாக எல்லாருமே கேட்பார்கள். எல்லாரும் நின்று கேட்பது அந்த ஒரே சுவருக்குப் பின்னால். ஒன்பது வருடமாகக் கதையை நகர்த்தியது தம்பியின் பேனா என்று சொல்வார்கள். சுவர் செய்த வேலையில் பாதிகூட அது செய்திருக்காது.

"அக்கா, வேற எத வேணா இடி. என்னை இடி."

"உன்னை இடிச்சா நாற்காலி உள்ள போகாதே."

"சேனல் ஒத்துக்காதுக்கா."

சேனலிலிருந்து மேலாளர் அம்மாள் ஒருவர் நேரிலேயே வந்தார். மரியாதையானவர், சோபாவில் உட்கார்ந்துகூடச் சிரித்தார். "எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டம்? எங்க ஸ்டூடியோவுக்கே வந்துருங்க. உங்க கூடத்தை அச்சு அசலா போட்டுத் தர்றோம், சுவரு உட்பட. இங்க நீங்க இஷ்டப்படி இடிச்சுக்கலாம்."

தம்பியின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகத்தில் மாற்றமில்லை.

"கூடம் உங்களோடது, சுவரு உங்களோடது, லைட்டு உங்களோடது. அப்புறம் எங்களை எதுக்கு வெச்சிருப்பீங்க?"

அம்மாள் சிரிப்பதை நிறுத்தினார். நிறுத்தியதே பதிலாக இருந்தது.

அவர் போனபின் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். இங்கே இருந்தால் மாமா லைட்மேன் தோளில், அங்கே போனால் கம்பெனி சேனல் தோளில். அக்காவுக்கு அதில் குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இடிக்கறதையே எடு."

"என்னது?"

"மாமியார்க்காரி ஒருநாள் பொறுமை போய், இந்த வீட்ல இனி எவளும் ஒளிஞ்சு நின்னு கேக்க வேணாம்னு சுவரை இடிக்கச் சொல்றா. எடு."

"அப்புறம் கதைக்கு என்ன பண்றது?"

"நேருக்கு நேரா பேசிக்கட்டும். நீ எழுதுவேல்ல?"

தம்பிக்கு வந்த முதல் பயம் சேனலைப் பற்றியது. இரண்டாவது பயம்தான் உண்மையானது: ஒட்டுக்கேட்காத மனிதர்களை எழுத வருமா? ஆனால் கேட்டவர் அக்கா என்பதால் சரி என்றார்.

இடிப்பது ஒரே டேக்தான். திரும்ப எடுக்கச் சுவர் இருக்காது. மூன்று கேமரா வைத்தார்கள். கொத்தனாரையே கொத்தனாராக நடிக்க வைத்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தலை வாரிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார். கட் சொல்லும்வரை அறையை விட்டு வரக் கூடாது என்று கணவரிடம் அக்கா சொல்லி வைத்தார்.

சம்மட்டி விழுந்தது. கொத்தனார் சொன்னது போலவே பாதி இடிந்ததும் மீதி தானாக உட்கார்ந்தது. கூடமெங்கும் தூசி. தூசி அடங்க அடங்க, இதுநாள்வரை தெரியாத சமையலறை ஜன்னலிலிருந்து வெளிச்சம் நேராகக் கூடத்துக்கு வந்தது. தம்பி வாயைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கட் சொல்ல மறந்துவிட்டார்.

இடிக்கும் சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று எண்ணி, படுக்கையறையிலிருந்து சக்கர நாற்காலி புறப்பட்டது. மூன்று கேமராவும் ஓட, தூசி முழுக்க அடங்குவதற்குள் அவர் நடுக் கூடத்தைத் தாண்டி, சுவர் இருந்த இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

"அந்த ரெண்டு கல்லை ஓரமா போடுங்கம்மா. வண்டி போகணும்."

மாமியாராக நடித்த அம்மாள் நாடக மேடையிலிருந்து வந்தவர். எதற்கும் அசராமல் குனிந்து கற்களை நகர்த்தினார். "போங்க" என்றார். நாற்காலி போயிற்று. உள்ளே குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

காட்சியை அனுப்பி வைத்த மறுநாள் சேனலிலிருந்து போன். அக்காதான் எடுத்தார்.

"யாரு மேடம் அந்தப் பெரியவரு? கதையில அப்படி ஒருத்தர் இல்லையே?"

"இப்ப இருக்காரு."

"வெட்டிரலாமே?"

"தூசி அடங்கறதுக்குள்ள அவரு நடுவுல வந்துட்டாரு. அவரை வெட்டினா சுவரு போனதையே காட்ட முடியாது. இன்னொரு தடவை இடிக்க எங்ககிட்ட சுவரு இல்ல."

"அடுத்த வாரத்துக்குள்ள அவர் யாருன்னு சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார்கள்.

தம்பி அவரை மாமியாரின் அண்ணனாக்கினார். பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன். வாரத்துக்கு இரண்டு நாள், வசனம் குறைவு. நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் குடும்பம் ஒட்டுக்கேட்கும் குடும்பத்தைவிட அதிகமாகச் சண்டை போடும் என்பதைத் தம்பி ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார். தொடர் மேலும் ஓடுகிறது.

இப்போது தினமும் குறை சொல்பவர் ஒலிப்பதிவாளர் ஒருவர்தான். சமையலறைச் சத்தமெல்லாம் கூடத்துக்கு வந்துவிடுகிறதாம். நேற்றுக்கூட, கதாநாயகி கண்ணீரோடு நிற்கும்போது உள்ளே டீ கொதித்தது, கரண்டி தட்டியது.

"அக்கா, மாமாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் டீ போடாம இருக்கச் சொல்லுங்க."

"முடியாது" என்றார் அக்கா, கையிலிருந்த நடிகர் வருகைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அழறவளை வேணா கொஞ்சம் சத்தமா அழச் சொல்லு."