பட்டியலில் இருந்த இரண்டு பேர்

யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இன்னும் நின்றுபோகாத நாட்கள் அவை. பருத்தித்துறையில் ஓர் இரத்ததானச் சங்கத்தின் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. இரத்தம் கொடுப்பவர்களைப் பதிந்து பட்டியல் எடுக்கும் புரோகிராமை நானே எழுதியிருந்தேன். அதில் பிழை இருக்கலாம் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. தலைப்பிரசவம், மறுநாள் ஒப்பரேஷன், ஓ நெகட்டிவ் இரத்தம் இரண்டு போத்தல் தேவைப்படலாம். பட்டியலில் உள்ள இருவரையும் விடியவே அனுப்பி வையுங்கள் என்றார்கள். பார்த்தேன். அந்தக் குரூப்பில் இரண்டே பெண்கள். ஒருத்தி உடுப்பிட்டி, மற்றவள் நீர்வேலி. இருவருக்கும் ஒரே பெயர், பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து மட்டும் வேறு. அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒருத்திக்கு இருக்கும், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதலில் உடுப்பிட்டிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் தாய்தான் இருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன தம்பி கதைக்கிறியள்? அவளுக்குத்தானே நாளைக்கு ஒப்பரேஷன். அவள் எப்பிடி ரத்தம் குடுக்கிறது?”

“அப்ப நீர்வேலியிலை இருக்கிறவ?”

“அதுவும் இவள்தான். சீதன வீடு நீர்வேலியிலை. பிள்ளைப்பெறுவுக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து, இப்ப ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கிறம்.”

கல்யாணமானால் பெண்ணின் பெயருக்கு முன்னால் தகப்பனின் எழுத்துப் போய்ப் புருஷனின் எழுத்து வரும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும், என் புரோகிராமுக்குத்தான் நான் சொல்லவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இரத்தம் கொடுத்திருந்தாள். அவளை அது இரண்டு பேராக எண்ணிவிட்டது.

திரும்பி வந்து வியர்வையைக்கூடத் துடைக்காமல் கீபோர்டின் முன் குந்தினேன். எங்கள் சங்கத்தில் படிவங்களைப் பதிவது ஓர் அக்கா. பல வருடம் தபால் கந்தோரில் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு என் கையை விலக்கினார்.

“உதைப் பிறகு திருத்தலாம். உந்தப் பட்டியல் ஆரார் கையிலை இருக்கு? அதைச் சொல்லும்.”

“பிழையைக் கண்டுபிடிச்சிட்டன் அக்கா. அஞ்சு நிமிசம்.”

“கம்பி அறுந்தால் நாங்கள் எங்கை அறுந்தது எண்டு முதல் தேடுறேல்லை. ஆரார் வீட்டிலை மணி அடிக்காது எண்டு எழுதுவம். அதிலை டொக்டர் வீடு இருந்தால் உடனை ஆளனுப்புவம்.”

கலண்டர்த் தாளொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நடுவில் எங்கள் பதிவேடு. அதிலிருந்து ஒரு கோடு எங்களிடமுள்ள விலாசப் பட்டியலுக்கு. ஒன்று, அண்மையில் இரத்தம் கொடுத்ததால் ஓய்வில் இருப்பவர்களின் பட்டியலுக்கு. இன்னொன்று, எந்தக் குரூப்பில் எத்தனை பேர் என்று பெயரில்லாமல் வார்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பேனையை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்: “இதைப் பாத்து ஆர் என்ன செய்வினம்?”

வார்டுத் தாளில் பேனை நின்றபோது நான் சலிப்போடு சொன்னேன். “ரெண்டு பேர் இருக்கினம் எண்டு கண்டால், யாழ்ப்பாணத்திலையிருந்து போத்தல் எடுப்பிக்க மாட்டினம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் வாறன் அக்கா.”

“வேண்டாம். நீர் வந்தால் புரோகிராமைப் பற்றித்தான் கதைப்பீர்.”

அது உண்மைதான். வார்டில் அவர் சொன்னது ஒரே வசனம் என்று பிறகு தாதி ஒருவர் எனக்குச் சொன்னார்: “எங்கடை பட்டியலிலை இருக்கிற ரெண்டு பேரும் உங்கடை கட்டிலிலை படுத்திருக்கிற பிள்ளைதான்.” உடனே யாழ்ப்பாணத்துக்கு வாகனம் போனது. பொழுதுபட முன்னம் இரண்டு போத்தல்களும் வந்து சேர்ந்தன.

அக்கா வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. புரோகிராமைத் திருத்தி, புதிய பட்டியலை அச்சிட்டு, அழகாக மடித்து வைத்திருந்தேன். அவர் வந்து பார்த்துத் தலையாட்டினார். “ஓம், வடிவாயிருக்கு” என்றார். அவ்வளவுதான், ஒரு குத்தல் வார்த்தை இல்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை ஒரு பொட்டும் குறையவில்லை.

மறுநாள் மத்தியானம் தகவல் வந்தது. பெண் குழந்தை. தாய்க்கு இரண்டு போத்தலும் ஏற்ற வேண்டி வந்ததாம், கடைசிச் சொட்டு வரைக்கும். நான் என் புதிய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஓ நெகட்டிவ்வுக்கு நேரே ஒன்று என்று இருந்தது, அது அவள்தான். ஒரு பிழையும் இல்லாத பட்டியல். அக்கா போகாமல் அதை மட்டும் நான் திருத்தியிருந்தால், அந்த ஒன்றையும் அன்றைக்கே அழித்திருக்க வேண்டும்.