நான் எரித்த துண்டுச் சீட்டுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதத் திங்கட்கிழமை, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற ஊர்த்தொகுதியிலிருந்த சிறு மருந்தகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். புளியஞ்சோலையிலிருந்து நடந்து ஏறிய கால்வலி தீருமுன்பே நோயாளிகளின் விவர அட்டைகள் இருந்த பெட்டிகளைத் திறந்துவிட்டேன்.

அட்டைகள் ஊர்வாரியாகக் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு பெண்ணின் அட்டை பிறந்த ஊர்க் கட்டில் இருக்கும். வாழ்க்கைப்பட்ட ஊர்க் கட்டில், அட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லும் துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். கம்பவுண்டர் முத்துசாமி எழுதி வைத்தவை.

"ஒரே ஆளு பேரு எதுக்குங்க ரெண்டு எடத்துல?" என்றேன் அவரிடம்.

"இன்னிக்குப் புருசன் ஊட்டுல இருப்பாங்க, நாளைக்குப் பொறந்த ஊட்டுல இருப்பாங்க. எந்த ஊருன்னு கேட்டா, காலையில கெளம்புன ஊரைத்தான் சொல்லுவாங்க. நீங்க கீழ இருந்து வந்தவரு, போகப் போகத் தெரியுமுங்க."

ஆடியில் அவர் விடுப்பில் போனார். சீட்டுகளையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டேன். பெட்டிகள் இளைத்தன, எனக்குப் பெருமை. திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, "ஊட்டக் கூட்டச் சொன்னா வாசப்படியையே பேத்துட்டீங்களே!" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஐப்பசி, ஒரு வெள்ளிக்கிழமை. இடுப்பில் கைக்குழந்தையும் காலில் சீழ்ப் புண்ணுமாகப் பொன்னாயி என்ற பெண் வந்தாள். கணவன் ஊரைச் சொன்னாள். அந்தக் கட்டில் அட்டை இல்லை.

"முன்னாடி வந்திருக்கியாம்மா?"

"வந்திருக்கேனுங்க சாமி."

வெளியே கூட்டம். மேற்கொண்டு கேட்காமல் புது அட்டை எழுதினேன்.

"புது ஆளா?" என்றார் டாக்டரம்மா.

"ஆமாங்க" என்றேன் நான்.

பெனிசிலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவள் முகம் வீங்கி, மூச்சடைத்து விழுந்தாள். டாக்டரம்மா மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். பிற்பகலில், பைல் நாடு என்ற பக்கத்துத் தொகுதியின் கட்டுகளில், அவள் பிறந்த ஊரின் கீழ், பழைய அட்டை கிடைத்தது. சிவப்பு மையில், 'பெனிசிலின் ஆகாது.'

மாசியில் பொன்னாயியின் கணவன் அரிவாள் வெட்டுக்குக் கட்டுப் போட வந்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்று முத்துசாமி கேட்டார்.

"போயிருச்சுங்க. மூணு நாள் காச்சல். அங்க கொண்டு போனா ஊசி போட்டுருவாங்கன்னு அவ கொண்டார உடலீங்க. குத்தஞ் சொல்ல வரலீங்க, நீங்க கேட்டதால சொன்னேன்."

பிற்காலத்தில் கீழே ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில், ஒரு பதிவை எட்டப் பேர், ஊர் என்று பல தேடுகுறிகள் வேண்டும் என்று பாடமாகவே கற்றுக்கொடுத்தார்கள். இடத்தை அடைக்கிறது என்று எதையாவது நீக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: தேடி வருகிறவர் எதைச் சொல்லிக்கொண்டு வருவார் என்று முதலில் விசாரியுங்கள்.

எரித்த சீட்டுகள் அத்தனையையும், முத்துசாமியைக் கேட்டுக் கேட்டு, அந்த வருஷப் பங்குனிக்குள் திரும்ப எழுதினேன். பொன்னாயியின் சீட்டை எடுக்க வேண்டிய தேவை ஒருநாளும் நேரவில்லை. அவள் அப்புறம் வரவே இல்லை.