ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

ராஜபாளையத்து நூல் மில்லில் சண்முகத்தாய் வாயைத் திறந்தால் மேனேஜரே எழுந்து நிற்பார் என்பார்கள். அந்த வாய் சும்மா வந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட மொட்டைக் கடிதாசியை நம்பி, அவள் புருஷன் தனுஷ்கோடிக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அதே மில்லிலிருந்து வெளியே தள்ளினார்கள். "என்ன எழுதியிருக்கு, காகிதத்தக் காட்டுங்க" என்று மில் கேட்டில் நின்று அவள் கத்தியது இன்றைக்கும் பேச்சு.

அதனால் பெண்கள் புகார்க் கமிட்டியில் அவளைப் போட்டதும் முதல் கூட்டத்திலேயே சொன்னாள்: "யார் மேல புகாரோ, அவன் கையில நகல் போகணும். அயோக்கியனா இருந்தாலும் சரி." சட்டமும் அதுதான் என்று கமிட்டி வக்கீல் ஜெயசித்ரா பாராட்டினார்.

போன மாசம் முத்துப்பேச்சி வந்தாள். இருபது வயது, சுந்தரபாண்டியம் கிராமத்துப் பிள்ளை, மில் ஹாஸ்டலில் தங்கி வேலை. அறுந்த நூலைப் பார்க்கிற சாக்கில் சூப்பர்வைசர் வினோத் தன் உடம்பில் கை வைக்கிறான் என்றாள். "நகல் அவன் கைக்குப் போனா அப்பா காதுக்கும் போயிரும்க்கா. பொறவு நான் வீட்டுக்குள்ளதான் கெடக்கணும்."

முதலில் அவனை வேறு ஷிப்டுக்கு மாற்றுவோம், பெண் வீட்டில் பேசுவோம், பிறகுதான் நகல் என்று ஜெயசித்ரா வாக்குக் கொடுத்தார். அதை நம்பி சண்முகத்தாய் புகாரில் முத்துப்பேச்சியின் கையெழுத்தை வாங்கினாள்.

புதன்கிழமை நகல் வினோத் கைக்குப் போய்விட்டது; பெண் வீட்டில் யாரும் பேசியிருக்கவில்லை. ஷிப்ட்? அது ஞாயிற்றுக்கிழமைதான் மாறும் என்றது ஆபீஸ். மில் வழக்கமாம்! வியாழக்கிழமை வினோத் முத்துப்பேச்சியின் மிஷின் பக்கத்திலேயே நின்று சிரித்தான். சாயங்காலம் புகார் போட்டோவாக அவள் அப்பா போனுக்குப் போயிருந்தது. அனுப்பியது யாரென்று தெரியாது என்றான் வினோத். வெள்ளிக்கிழமை அப்பா வந்து மகளைப் பெட்டியோடு கூட்டிப்போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் சண்முகத்தாய் வக்கீலைப் பிடித்தாள். "வாக்குக் குடுத்தியளே மேடம்!"

"ஏழு நாளுக்குள்ள நகல் கொடுக்கணும்க்கா. தவறினா விசாரணையே செல்லாதுன்னு வினோத் வழக்குப் போடுவார். அவருக்கும் உரிமை இருக்கு, நீங்க சொன்னதுதானே?"

"இப்பவும் சொல்லுவேன். அவனுக்குக் காகிதம் குடுக்கக் கெடு இருக்கு. அவளக் காப்பாத்த ஒரு கெடு இல்லையா?"

ஜெயசித்ரா நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார். சண்முகத்தாயின் பேச்சை வைத்தே அவளை ஏமாற்றிவிட்டார்கள்.

பஸ்ஸ்டாண்டில் நின்று முத்துப்பேச்சிக்குப் போன் போட்டாள். எடுத்தவள் மெல்லச் சொன்னாள்: "மாப்பிள பாத்தாச்சுக்கா. ஒங்கள நம்பித்தான நான் கையெழுத்துப் போட்டேன்?"