திருப்பிப் பதித்த கல்

ஜன்னலை அளக்கப் போகும் வீட்டில் பூங்குழலி முதலில் தரையைத்தான் பார்ப்பாள். பூப்போட்ட பழைய தரைக்கல்லாக இருந்துவிட்டால் திரைச்சீலை மறந்துவிடும். மண்டியிட்டு, ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, பட்டர் பேப்பரை விரித்துப் பென்சிலால் படியெடுப்பாள். ஒரு வீட்டு அம்மாள், "தரைக்கும் கர்ட்டன் தெப்பியா?" என்று கேட்டார். "தெச்சிரலாமுங்க. கம்பி எங்க மாட்டறதுன்னு நீங்க சொல்லோணும்" என்றாள் இவள், தலையைத் தூக்காமல்.

என் தங்கை அவள். ஹனூரிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து விஜயநகரில் தையற்கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. அவள் தைத்த திரையில் ஒரு நூல் தொங்கி நான் பார்த்ததில்லை.

எங்கள் அப்பா நஞ்சுண்டசாமி அந்தக் காலத்தில் இங்கே துணிக்கு அச்சடிக்கும் ஆலையொன்றில் இருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த துண்டுத் துணி ஒன்றைச் சாகும்வரை எல்லோருக்கும் காட்டினார். நான்கு கல் சேர்ந்து ஒரு பூவாகும் தரையின் மாதிரி அது. "ஒரு வூட்டுத் தரையப் பாத்து நான் வரஞ்சது சாமீ" என்பார். எந்த வீடு என்று சொன்னதில்லை. துணியில் ஒவ்வொரு பூவிலும் ஒரு இதழ் மட்டும் வெளியே பார்க்கும். அழகுக்குச் செய்தது என்று நினைத்திருந்தோம். பூங்குழலிதான் கண்டுபிடித்தாள். "அழகெல்லாம் இல்லக்கா. கொத்தனாரு ஒரு கல்லத் திருப்பிப் பதிச்சிருக்கறாரு. தப்போட சேத்து வரஞ்சாச்சு. அந்தத் தப்பு எந்தத் தரையில இருக்குதோ அதுதான் அப்பா பாத்த தரை."

ஆறு வருடம் முன்பு ஒரு கம்பெனி அதே பூவை மறுபடி அச்சிட்டது. துணியோடு வந்த சீட்டில் ‘வரைந்தவர் பெயர் தெரியவில்லை’ என்றிருந்தது. வரைந்தது எங்கள் அப்பா என்று இவள் எழுதினாள். ஆதாரம் அனுப்பினால் பெயர் போடுகிறோம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நாற்பத்தொரு வீடுகள். படியெடுத்த ஒவ்வொரு தாளிலும் தெரு, தேதி, எந்த அறை என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்த வீடுகளில் பாதி இன்று இல்லை.

போன மாதம் தேவராஜ மொஹல்லா பகுதியில் பத்மாஸினி என்ற அம்மாளின் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கூடத்தில் பீரோவை நகர்த்திய இடத்தில் அந்தப் பூ இருந்தது. ஒரு இதழ் வெளியே பார்த்தது. பூங்குழலி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுவா? எங்க ஆழ்வார் அண்ணா அந்தக் கொத்தனை நாளெல்லாம் திட்டுவான்" என்றார் பத்மாஸினி அம்மாள். "அப்புறம் அதையே வரைஞ்சு மில்லுக்கு எடுத்துண்டு போனான். இருங்கோ, காட்டறேன்."

அவர் எடுத்துவந்த பழுப்புக் காகிதத்தில் பூ இருந்தது. கீழே ஆழ்வார் என்ற கையெழுத்தும் 1971ஆம் வருடத்துத் தேதியும் இருந்தன.

"நஞ்சுண்டசாமின்னு ஒருத்தரு..." என்று இழுத்தேன்.

"கலர் கலக்கறவர்தானே? கையெல்லாம் நீலமா வருவார் பாவம். இந்தப் பூன்னா அவருக்கு உசிர். அண்ணாகிட்ட கேட்டு ஒரு துண்டு வாங்கிண்டு போனார்."

அம்மாள் காபி போட உள்ளே போனதும், "வா புள்ள, போயிரலாம். வூடே இடியப் போவுது. யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் காகிதத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் தரையில் விரித்தாள். நான்கு மூலையையும் நீவிவிட்டாள். படமெடுக்கச் செல்போனை எடுத்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"தள்ளி நில்லுக்கா. அவரு பேரு மேல உன் நெழல் விழுகுது."