பலகைக்கு வைத்த சந்தனம்

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை விட்டு, ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் போர்டு பழக்கும் வேலைக்கு என்னை மாற்றியபோது நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்கள், பெரியவர்கள் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். பேசத்தான் இல்லை. நன்றாகத் தலையாட்டுவார்கள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பியதும் சாக்பீஸை எடுத்துவிடுவார்கள்.

திருமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான்கு வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருந்தார்கள். மூன்று ஆசிரியர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிட்டார்கள். கணக்கு சார் மட்டும் மசியவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நான் எழுதுனா அது எழுத மாட்டேங்குது டீச்சர்."

ஆயுத பூஜைக்கு முந்திய வாரம், மாட்டியபோதே, நானே அந்த போர்டில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அருமையாக எழுதியது. அதனால் அவர் சாக்குச் சொல்கிறார் என்றே முடிவு செய்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் வெறுங்கையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வாசலோடு திரும்பிவிட்டேன். தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய மாத அறிக்கையில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்த ஒரு வரி, அலுவலகத்திலிருந்து சாரிடம் விளக்கம் கேட்கும் மெமோவாகிப் போனது. தலைமை ஆசிரியை எனக்கு போன் செய்தார்.

"முப்பது வருசத்துல சாருக்கு வந்த மொத மெமோ டீச்சர். பதில் சரியில்லன்னா பணிப்பதிவேட்டுல ஏத்திருவாக. பென்ஷன் பேப்பர் போற நேரம்."

விதிப்படிதான் நடக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் முன்பே போய் நின்றேன்.

கணக்கு சார் வகுப்பறையில் தனியாக இருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருந்தார். கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, ஸ்மார்ட் போர்டின் ஃபிரேமில், உள்விளிம்பை ஒட்டி வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

"வாரா வாரம் வைக்கிறீங்களா சார்?"

"ஆயுத பூஜையிலருந்து வைக்கிறேன் டீச்சர். மத்தவங்க அன்னைக்கு வச்சதையும் மறுநாளே தொடச்சுட்டாங்க. எனக்கு இது வசப்படல. மரியாதையாச்சும் செய்வோம்னுதான்."

அந்த வகை போர்டில் விரல் படுவதைக் கண்டுபிடிப்பது திரை அல்ல, ஃபிரேம். அதன் உள்விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. விரல் அதை மறித்தால்தான் எழுத்து விழும். இங்கே சந்தனம் எல்லாவற்றையும் முன்கூட்டியே மறித்து வைத்திருந்தது. பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் யாருக்கும் சொன்னதில்லை.

கைக்குட்டையை நனைத்து நான்கு பக்கமும் துடைத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து விழுந்தது. எழுதச் சொன்னேன். விரலால் ஒரு வட்டம் போட்டார். கரும்பலகையில் போடுவதைப் போலவே பிசிறில்லாமல் விழுந்தது.

"எழுதுதே," என்றார்.

காரணத்தைச் சொன்னேன். விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"அப்ப நாந்தான் கெடுத்திருக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மெமோவுக்குப் பதில் எழுத வேண்டாம், நான் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"நேத்தே குடுத்து விட்டுட்டேன் டீச்சர். நீங்க சிரமப்படாதீங்க."

அங்கிருந்து நேராகத் தல்லாகுளம் போனேன். பிரிவு எழுத்தர் கோப்பை எடுத்துக் கொடுத்தார். என் அறிக்கைக்கு மேல் கணக்கு சாருடைய பதில் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத நீல மை எழுத்து.

'பலமுறை முயன்றும் எனக்குக் கைவரவில்லை. குறை என்னுடையதே. பயிற்சி அளிக்க வந்த ஆசிரியை பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தார். அவர்மீது எந்தத் தவறும் இல்லை.'

இரண்டு முறை படித்தேன். எழுத்தரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். எதற்கு என்றார்.

"சார் எழுதுனது தப்பு. பொறுமையா சொல்லிக்குடுக்கலன்னு நான் எழுதித் தாரேன்," என்றேன்.